ஐஸ் மீனில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஏப்ரல் 15 பிறந்ததும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையோடு கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. திரேஸ்புரத்து நாட்டுப்படகுகளும் தெற்கே புன்னக்காயல், மணப்பாடு, பெரியதாழை வள்ளங்களும் தொழிலுக்குப் போய்வந்தாலும் அந்த வரத்து ஊருக்கே காணாது. நெய்மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போகும். ஆண்டு முழுவதும் துள்ளத் துடிக்க மீன் வாங்கிப் பழகிய கடற்கரைக் குடும்பங்கள்கூட அந்த இரண்டு மாதம் ஐஸ் மீனைத் தேடுகின்றன. கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் மேற்கே இருப்பவர்களுக்கோ இது இரண்டு மாதத்துக் கதையல்ல. அவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, எங்கோ பிடித்து, எப்போதோ குளிரூட்டப்பட்டு, பல கை மாறி வந்த மீன்தான். சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகிய பிறகு அதிலும் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது: முள்ளில்லாத வெள்ளைத் துண்டுகளாக வரும் பாசா, அரைத்த மீனில் செய்த ஃபிஷ் ஃபிங்கர், மீன் உருண்டை, கலவையாக அடைத்த கணவாய் வளையங்கள்.

இந்த மலிவான பாக்கெட்டுகளைப் பற்றி மக்களிடம் இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, புழு. மற்றது, பழசு. முதல் அச்சம் கண்ணால் பார்த்துப் பிறப்பது. அதனால் அது செல்போனில் படமாக ஊரைச் சுற்றுகிறது. இரண்டாவதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே அது பேச்சாகக்கூட ஆவதில்லை. கேட்டைப் பொறுத்தவரை வரிசை நேர்மாறானது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

புழுவிலிருந்தே தொடங்குவோம். மன்னார் வளைகுடாவில் மீன் வெட்டிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் ஒட்டுண்ணி புதிதல்ல. நெய்மீன் வயிற்றுச் சவ்விலும் சதையிலும் அரிசி மணியைப் போல வெள்ளையாகச் சில கூடுகள் இருக்கும். அவை ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம், அந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது சுறாவின் குடலில். கலவா மீனின் முட்டைப்பையைப் பிளந்தால் சில நேரம் ரத்தச் சிவப்பில் நீண்ட புழுக்கள் சுருண்டு கிடக்கும். அயிலை, பாறை வகைகளின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் கால்கள் நிறைந்த வெளிறிய பூச்சிகள் ஒட்டியிருக்கும். இவற்றைப் பார்த்தால் குமட்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் எதுவும் மனித உடலில் குடியேறி நோய் உண்டாக்குவதாக அறியப்பட்டதில்லை. அவற்றின் வாழ்க்கை மீனோடும் சுறாவோடும் முடிந்துவிடுகிறது. வெட்டும்போது அகற்றிவிட்டு மீனைக் குழம்பில் போடுவதுதான் நம் வீடுகளில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அது சரியான நடைமுறையே.

இந்தக் கடலில் ஒட்டுண்ணிக்கு ஒரு பெருமை மிக்க வரலாறுகூட உண்டு. 1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், இலங்கை அரசின் அழைப்பில் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய வந்தார். முத்துக்குளிப்பு ஏன் ஓர் ஆண்டு கொழிக்கிறது, பல ஆண்டுகள் பொய்க்கிறது என்பது அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி. உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் தொடர்ந்து தங்கி ஆய்வு செய்தார், பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். சிப்பிகளை ஆயிரக்கணக்கில் பிளந்து பார்த்த அவர்கள் கண்டது, சிப்பியின் தசைக்குள் உருண்டையாகச் சுருண்டிருந்த நாடாப்புழுக் குஞ்சுகளை. இந்தப் புழுவைச் சுற்றித்தான் சிப்பி முத்தைப் பூசுகிறது, சிப்பியைத் தின்னும் கிளாத்தி வழியாகப் புழு திருக்கையின் வயிற்றுக்குப் போய் முழு வளர்ச்சி அடைகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வெளிவந்தது. புழுவுக்கு முத்தை உண்டாக்குவது என்று பொருள்படும் லத்தீன் பெயரே சூட்டினார்கள். 1912இல் லிஸ்டர் ஜேம்சன் இலங்கை முத்துகளை மறுபடி ஆராய்ந்து இந்தக் கொள்கையை மறுத்தார். முத்தின் நடுவில் புழு இருப்பது அரிது என்று காட்டினார். கொள்கை வீழ்ந்தது. ஆனால் சிப்பியில் அந்தப் புழுக்கள் இருந்தது உண்மை, இன்றும் இருக்கின்றன. உயிருள்ள கடல் என்றால் அதில் ஒட்டுண்ணியும் இருக்கும். மீனில் புழு இருந்ததாலேயே அது கெட்ட மீன், ஏமாற்று வியாபாரம் என்று முடிவு கட்டுவது தவறு.

மனிதருக்கு உண்மையிலேயே தீங்கு செய்யும் ஒரு கடற்புழு உண்டு. அதன் பெயர் அனிசாக்கிஸ். முழு வளர்ச்சி அடைவது திமிங்கிலம், ஓங்கில், கடல்நாய் ஆகியவற்றின் இரைப்பையில். முட்டைகள் கடலில் விழும். பொரிந்துவரும் குஞ்சுகளைச் சிறு கூனிவகைகள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும் தின்னும். திமிங்கிலம் அந்த மீனைத் தின்றால் சுற்று முழுமையாகிறது. நடுவில் மனிதன் பச்சையாகத் தின்றால் புழு இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும், சில மணி நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி வரும். 1960இல் நெதர்லாந்தில், லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பச்சையாகத் தின்றவர்களிடம் இந்த நோய் இனங்காணப்பட்டது. ஜப்பானில் இது இன்றும் மருத்துவர்களுக்கு அன்றாடம் பழகிய நோய். குளிர்ந்த கடல்களில்தான் இந்தப் புழு மிகுதி. நம் கடலிலும் இதன் உறவுப் புழுக்கள் மீன்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பெரிய விலங்குகளும் இங்கே வாழ்கின்றன. 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலைக் கரைகளில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் இந்த நோய் நம்மிடையே பெரிதாகத் தலைகாட்டாததற்குக் காரணம் நம் அடுப்பு. 60 டிகிரி வெப்பம் துண்டின் நடுவரை ஒரு நிமிடம் நின்றால் புழு செத்துவிடும். கொதிக்கும் புளிக்குழம்பு அதைவிட எவ்வளவோ மேல்.

அடுப்பைப் போலவே கடுங்குளிரும் புழுவைக் கொல்லும். பச்சையாகத் தின்னும் மீனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35இல் கெட்டியாக்கி அங்கேயே 15 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியம் மைனஸ் 20இல் 24 மணி நேரம் கேட்கிறது, ஆனால் துண்டின் எல்லாப் பகுதியிலும் அந்தக் குளிர் எட்டியிருக்க வேண்டும். ஆகவே, முறையாக உறைய வைத்த மீன் புழு விஷயத்தில் பச்சை மீனைவிடப் பாதுகாப்பானது. மலிவான உறைமீன் என்றாலே புழு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். அடிக்கடி திறந்து மூடும் அந்தப் பெட்டி மைனஸ் 20ஐத் தொடுவதில்லை. நகரங்களில் சுஷி பழகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

செத்த புழு தொற்றாது. ஆனால் அதன் சில புரதங்கள் வேகவைத்தாலும் சிதையாதவை, முன்பே ஒவ்வாமை உண்டானவர்களுக்குத் தடிப்பும் அரிப்பும் தரக்கூடும். இறந்த புழு மட்டுமே எவ்வளவு தூரம் அப்படிச் செய்யும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இன்னொன்று நம் துறைமுகங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. சில மீன்களில், மீன் செத்தபின் குடலிலுள்ள புழு சதைக்குள் நகர்கிறது. குடலை எடுக்காமல், ஐஸ் போதாமல் நாள்கணக்கில் கிடக்கும் மீனில் இதற்கு நேரம் கிடைக்கிறது. புழுப் பிரச்சினையும் கடைசியில் நேரத்தோடும் குளிரோடும் போய்ச் சேர்கிறது.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், உறைய வைத்த மீன் துண்டுகளுக்கு ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. ஒரு கிலோவில் இரண்டோ அதற்கு மேலோ ஒட்டுண்ணி இருந்தால் அது குறையுள்ள சரக்கு. கூட்டுக்குள் இருப்பதானால் 3 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம், கூடு இல்லாததானால் 10 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இருந்தால்தான் கணக்கு. பூஜ்ஜியம் வேண்டும் என்று கேட்கவில்லை, ஏனெனில் கடல் அப்படித் தராது. சோதிக்கும் முறை எளியது: கீழிருந்து வெள்ளை வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் தோலுரித்த துண்டை வைத்தால் புழு நிழலாகத் தெரியும். துண்டாக இருக்கும்வரைதான் இது முடியும். அரைத்துவிட்டால் எந்த விளக்கும் உதவாது. எந்த மீன், எத்தனை மீன், தலையும் குடலும் ஒழுங்காக நீக்கப்பட்டதா என எல்லாமே அந்த மாவுக்குள் மறைந்துவிடும். மலிவு மீன் பண்டங்களில் நான் மிகவும் ஐயத்தோடு பார்ப்பது இந்த அரைத்த வகையைத்தான். வலையில் சங்காயமாகச் சேரும் சிறுமீனைக் கழுவி அரைத்து உண்பதில் தவறே இல்லை, சொல்லப்போனால் வீணாகும் புரதம் அது. பாக்கெட்டின் மேல் மீனின் பெயர் இல்லாமல் விற்பதுதான் தவறு.

இனி இரண்டாவது அச்சத்துக்கு வருவோம். சூரை, அயிலை, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் செத்தபின் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அந்த மீனைத் தின்ற ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை கனத்து, நெஞ்சு படபடக்கும். நம் ஊரில் இதை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, அந்த ஆளையே மீன் ஆகாதவராக முத்திரை குத்திவிடுவோம். உண்மையில் ஆகாமல் போனது மீனைக் கையாண்ட விதம். இதில் கொடுமை என்னவென்றால், ஒருமுறை உண்டான ஹிஸ்டமினை உறைய வைத்தும் போக்க முடியாது, கொதிக்க வைத்தும் போக்க முடியாது. படகின் மேல்தட்டில் வெயிலில் கிடந்த சூரையைப் பிறகு மைனஸ் 40இல் உறைய வைத்தாலும், தூத்துக்குடியின் பெயர் சொல்லும் மாசியாக அவித்துப் புகையிட்டு உலர்த்தினாலும், முதல் சில மணி நேரத்தில் சேர்ந்தது அப்படியே இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணையம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு தொகுதியிலிருந்து எடுக்கும் 9 மாதிரிகளில் இரண்டு மட்டும் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாம், எதுவும் 200ஐத் தாண்டக் கூடாது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தெருமுனை ஐஸ் பெட்டியிலிருந்து யாராவது அந்த 9 மாதிரிகளை எடுக்கிறார்களா என்பதே கேள்வி.

இந்த இடத்தில் தூத்துக்குடிக்குக் கிடைத்திருக்கும் ஒரு வாய்ப்பைச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள இழுவலைப் படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. பல நாள் தங்கித் தொழில் செய்யும் ஊர்களோடு ஒப்பிட்டால், கரைக்கு வரும் மீனின் வயது இங்கே மணிக்கணக்கில்தான். இங்கே ஏலத்துக்கு வரும் விளைமீனும் பாறையும் கணவாயும் நல்ல ஐஸ் கண்டால் உலகத்தின் எந்தச் சந்தைக்கும் தலைநிமிர்ந்து போகலாம். கடல் தரும் இந்தத் தரத்தைக் கரையில் நாம்தான் இழக்கிறோம். ஐஸ் பாரை உடைத்து மீனுக்குச் சமமாகப் போடாமல் மேலே தூவுவது, தரையில் கொட்டி ஏலம் விடுவது, குளிர்சாதனம் இல்லாத வண்டியில் மலை தாண்டி அனுப்புவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போய்விடுகிறது.

உறைய வைப்பதிலும் தரம் உண்டு. மீன் சதையின் நீர் மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் இடையில்தான் பெரும்பாலும் கட்டியாகிறது. அந்தக் கட்டத்தை விரைவாகக் கடந்தால் பனித்துகள் நுண்ணியதாக இருக்கும். மெதுவாகக் கடந்தால் பெரிய ஊசிகளாகி தசை நார்களைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் வடிந்து, சதை சக்கையாகும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் இதே சேதம் இரட்டிப்பாகும், இடையில் பாக்டீரியாவும் பெருகியிருக்கும். ஆலையிலிருந்து கடைவரை மைனஸ் 18 நிற்க வேண்டும். ஒரு மொத்தக் கிடங்கின் மின்வெட்டு, இறக்குமுன் வெயிலில் நின்ற லாரி, இரவில் ஃப்ரீசரை அணைக்கும் கடைக்காரர் என்று எங்கே அறுந்தாலும் பாக்கெட் அதைச் சொல்லாது. ஆனால் அறிகுறிகள் உண்டு. பைக்குள் பனி உதிரியாகக் கொட்டிக் கிடப்பது, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியானது, ஓரங்கள் வெளுத்துக் காய்ந்து தக்கை போலானது ஆகியவற்றைக் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

விலை குறைவதற்கு இன்னொரு வழி தண்ணீர். உறைந்த துண்டு காயாமல் இருக்க அதன்மேல் மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது நியாயமான தொழில்முறை, ஆலைகளில் இதை கிளேசிங் என்பார்கள். அந்தப் பூச்சு தடிக்கத் தடிக்க, வாங்குபவர் மீன் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார். பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தால் சதையே நீரைப் பிடித்துக்கொண்டு பளபளவென்று உப்பி நிற்கும். சட்டியில் போட்டதும் நீர் கக்கிச் சுருங்கும் பாசா துண்டையும் இறாலையும் நம் வீடுகள் நன்றாக அறியும். பனிப்பூச்சு நீங்கிய எடைதான் நிகர எடை என்பது கோடெக்ஸ் விதி. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துண்டைக் குளிர்ந்த நீரில் முக்கி மேல்பனி போனதும் துடைத்து நிறுத்துப் பார்த்தால் போதும். நோய் வராது, ஆனாலும் இது திருட்டு. குறைந்த வருமானக் குடும்பத்தின் பையிலிருந்து போவதால் எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

2018 ஜூனில் வெடித்த ஃபார்மலின் விவகாரம் இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சந்திக்கு இழுத்தது. கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஆபரேஷன் சாகர் ராணி என்ற பெயரில் எல்லைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்தியது. ஆரியங்காவில் மட்டும் சுமார் 9,600 கிலோ பிடிபட்டது. தமிழகக் கடற்கரையிலிருந்து, தூத்துக்குடி உட்பட, போன சரக்கு என்று செய்தி வந்ததும் இங்கே ஏலக் கூடங்கள் வெறிச்சோடின. ஜூலையில் அசாமும் கோவாவும் வெளிமாநில மீனுக்குத் தற்காலிகத் தடை போட்டன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய, சில நிமிடங்களில் நிறம் காட்டும் சோதனைத் தாள்தான் அந்தப் பிடிபாட்டைச் சாத்தியமாக்கியது. ஃபார்மலின் ஏன் வருகிறது என்று கேட்டால் விடை மறுபடியும் ஐஸ்தான். போதிய குளிர் வைக்கச் செலவழிக்காதவர்கள் பிணவறை மருந்தைத் தேடிப் போகிறார்கள். ஒழுங்காக உறைய வைத்த மீனுக்கு எந்த மருந்தும் தேவையில்லை.

இந்தத் துறையில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக்குத் தடை விதித்தது. ஆலைகளின் சுகாதாரக் குறைவும் சரக்கில் கண்ட சால்மோனெல்லா, காலரா கிருமிகளும் காரணம். அடுத்த சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் செலவழித்து ஆலைகள் மாற்றிக் கட்டப்பட்டன. தண்ணீர் சுத்திகரிப்பு, வெப்பப் பதிவேடு, ஒவ்வொரு தொகுதிக்கும் எண், ஏற்றுமதி ஆய்வு முகமையின் சான்று, எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும் என்று முன்கூட்டியே கணித்துக் காவல் வைக்கும் ஹசாப் முறை எல்லாம் வந்தன. கணவாயின் குடலில் சேரும் காட்மியம் சதைக்குப் படியாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்பதுவரை பயிற்சி நடந்தது. 2023-24இல் இந்தியா 17.8 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 60,500 கோடி ரூபாய் ஈட்டியதென்றால், இந்தக் கட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலேறும் குளிர்பெட்டிக்குள் ஒரு துண்டு மீன் எந்தப் படகில் வந்தது என்பதுவரை தடம் பிடிக்கலாம். அதே கடலில் பிடித்து உள்ளூருக்குப் போகும் மீனுக்கு அப்படி ஒரு தாளும் கிடையாது.

இதைச் சொல்லும்போது, ஆலைகளுக்குள் நின்று மீன் உரிக்கும் பெண்களை விட்டுவிட முடியாது. 2024 ஜூலையில் தூத்துக்குடியை அடுத்த புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து, உள்ளூரும் வெளிமாநிலமுமாகப் பல பெண் தொழிலாளர்கள் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குளிர்சாதனத்தை ஓட்டும் அதே வாயுதான் அது. தரம் என்று நாம் சொல்வதில் இவர்களுடைய மூச்சும் அடக்கம். கையுறையும் ஓய்வும் இல்லாத கை எட்டாவது மணி நேரத்தில் புழுவைப் பார்த்து எடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தடைக்காலத்தின் 61 நாளும் மாவட்டச் சந்தைகளிலிருந்து வாரம் ஒருமுறை உறைமீன் மாதிரி எடுத்து, ஹிஸ்டமின், ஃபார்மலின், பனிப்பூச்சு எடை ஆகிய மூன்றை மட்டும் சோதித்து, முடிவைத் தமிழில் அந்தச் சந்தை வாசலிலேயே ஒட்டலாம். ஏற்றுமதிக்கு உரிமம் பெற்ற ஆலை உள்ளூருக்கும் பாக்கெட் போட்டால், அதே தொகுதி எண்ணும் உறைய வைத்த தேதியும் அதில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். அரைத்த மீன் பண்டத்தில் மீனின் பெயரை, வெளிநாட்டு மீனானால் நாட்டின் பெயரையும் சேர்த்து, முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லலாம். கடைக்காரருக்கு ஃப்ரீசரின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வெப்பமானி மாட்டுவது சில நூறு ரூபாய்ச் செலவு. அது மைனஸ் 18க்கு மேலே ஏறியிருந்தால் வாங்குபவர் கேட்கட்டும்.